கேன் வாங்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று பாலக்காடு மாவட்டத்தில் இந்தத் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ஒன்பது வருஷம் தண்ணி கேன் போட்டவன் நான். 2013ல் ஒரு பழைய லோடு ஆட்டோவை வாங்கி ஆரம்பித்தேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் வண்டியை விற்றுவிட்டு, இப்போது ரோட்டோரம் ஒரு சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் யாராவது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ஏனுங்ண்ணா, எந்தக் கம்பெனி கேன் நல்லதுங்க?" என்று கேட்பார்கள். "உங்க வீட்டுத் தண்ணியில என்னங்க கோளாறு?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. என்ன சீக்கு என்றே தெரியாமல் மருந்துக் கடையில் போய் நல்ல மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்பது போலத்தான் இது.

அதனால் வரிசையாகச் சொல்கிறேன். கேன் கடைசியில்தான் வரும்.

முதலில் காசுக் கணக்கு. நாலு பேர் இருக்கிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கேன் ஆகும். எங்கள் பக்கம் 20 லிட்டர் கேன் 40 ரூபாய், ஆக மாசம் 1,200. கேரள வாட்டர் அதாரிட்டி 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றியபோது டீக்கடையெல்லாம் அதே பேச்சு. ஏற்றின பிறகும் வீட்டு இணைப்புக்கு மாசம் 5,000 லிட்டர் வரை 72 ரூபாய் சொச்சம்தான் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு கேன் அளவு பைப்புத் தண்ணி 29 பைசா. கடையில் 20 ரூபாய் கொடுத்து ஒரு லிட்டர் பாட்டில் வாங்குகிறீர்களே, அதே காசுக்குப் பைப்பில் 1,380 லிட்டர் பிடிக்கலாம். 2020ல் கேரள அரசு ஒரு லிட்டர் பாட்டில் 13 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டுப் பார்த்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட் அதை நிறுத்தி வைத்துவிட்டது. ரயில்வேக்காரன் விற்கிற ரயில் நீர் 2025 செப்டம்பரிலிருந்து 14 ரூபாய்.

கேனுக்குக் கொடுக்கிற 40 ரூபாயில் தண்ணிக்கென்று போவது சில்லறைதான். நான் ஓட்டின காலத்தில் பிளான்ட்டில் 12 ரூபாய்க்கு எடுத்து வீட்டு வாசலில் 30 ரூபாய்க்கு இறக்குவேன். அந்த 12லும் கரண்டு, ஆள் கூலி, கேன் தேய்மானம் எல்லாம் அடக்கம். நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் என் டீசலுக்கும் முதுகுக்கும். விலை கூடினால் சுத்தமும் கூடும் என்று நினைக்காதீர்கள். மாடி வீடு என்றால் விலை கூடும், அவ்வளவுதான்.

அதற்காகப் பைப்புத் தண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொல்லவில்லை. எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் பஞ்சாயத்தில் 2024 ஏப்ரல், மே மாசங்களில் பைப்புத் தண்ணி வழியே மஞ்சக்காமாலை பரவி 200 பேருக்கு மேல் படுத்தார்கள். குளோரின் சரியாகச் சேராத தண்ணி, கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் இப்படித்தான் செய்யும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். உங்கள் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். கிணறு என்றால் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். கேரளக் கட்டட விதிப்படி கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவில் 7.5 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது 25 அடி. உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேட்டன் வீட்டுக் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி அளந்தபோது 17 அடிதான் வந்தது. இரண்டு வீடும் கட்டி இருபது வருஷம் ஆகிறது. யாரும் அளந்ததே இல்லை.

அடுத்தது டெஸ்ட். இதில் சோம்பல் படாதீர்கள். எங்களுக்குத் தெற்கே பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடா இருக்கிறது. 2000த்தில் அங்கே கோகோ கோலா பாட்டில் தொழிற்சாலை வந்தது. கிணற்றுத் தண்ணி கெட்டுப்போச்சு, சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பொம்பளைகள்தான் முதலில் சொன்னார்கள். இரவாளர் சமூகத்து மயிலம்மா முன்னே நிற்க, 2002 ஏப்ரல் 22ல் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. 2004 மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. 2010ல் அரசு போட்ட கமிட்டி 216 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. அதை வாங்கித் தருவதற்காக 2011ல் சட்டசபை நிறைவேற்றின மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவே இல்லை. மயிலம்மா 2007லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே சோற்றுப் பானை சொன்னதை ஆபீசில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, லேப் பேப்பரில் வந்த பிறகுதான் காது கொடுத்தார்கள். நமக்கும் அந்த மாதிரி லேப் பேப்பர் வேண்டும்.

கேரளப் பக்கம் வாட்டர் அதாரிட்டி லேப், தமிழ்நாட்டுப் பக்கம் குடிநீர் வடிகால் வாரியத்து லேப். இரண்டிலும் வீட்டுத் தண்ணி பார்த்துக் கொடுப்பார்கள். போகும் முன் போன் போட்டு இரண்டு டெஸ்ட் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்று உப்பு, ஃப்ளோரைடு மாதிரி கெமிக்கல் டெஸ்ட். இன்னொன்று கிருமி டெஸ்ட். முதல் தடவை போனபோது நான் கோலா பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போனேன். லேப்பில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார்.

கெமிக்கல் டெஸ்ட்டுக்கு 2 லிட்டர் சுத்தமான கேன் போதும். அதே தண்ணியில் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமி டெஸ்ட்டுக்கு லேப்பிலேயே கொதி நீராவியில் சுத்தம் செய்த பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது, உள்ளே விரல் படக் கூடாது. குழாயின் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்திச் சுற்றிலும் காட்டுங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும், கொளுத்தினால் குழாய் போய்விடும். இரண்டு மூன்று நிமிஷம் தண்ணியை ஓடவிட்டுப் பிடியுங்கள். கழுத்து வரை ரொப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்குக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள். கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு நாள் ஆகும், நடுவில் ஞாயிறு வந்தால் வாங்கமாட்டார்கள். திங்களோ செவ்வாயோ போனால் நல்லது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு சாம்பிள் எடுத்தால் கிருமி இல்லை என்றுதான் வரும். அது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிற வேலை.

எங்கள் வீட்டில் ஒரு கிணறு, ஒரு போர். இரண்டையும் கொடுத்தேன். போர்த் தண்ணி பளபளவென்று இருக்கும், அதைத்தான் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் கிணறு கொஞ்சம் கலங்கும், அதனால் அதைத் துணி துவைக்க வைத்திருந்தோம். பேப்பர் வந்தது. போரில் கிருமி இல்லை, ஆனால் கரைந்த உப்பு 1,340, ஃப்ளோரைடு 1.9. கிணற்றில் உப்பு 410, ஃப்ளோரைடு 0.6, ஆனால் கோலிஃபார்ம் கிருமி உண்டு. வீட்டுக்காரி பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, "இத்தனை நாளா தப்பான தண்ணியையா குடிச்சிருக்கோம்?" என்றாள்.

படிக்கிற விதம் இதுதான். நம் நாட்டுக் குடிநீர் அளவுகோல் ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை போகலாம். கடினத்தன்மை 200, கடைசி எல்லை 600. அதற்கு மேல் போனால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஃப்ளோரைடு 1, எல்லை 1.5. தாண்டினால் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கோடு விழும், வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துப் போர்களில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது நிலத்தடி நீர்த் துறை அறிக்கைகளில் பல வருஷமாக வருகிற விஷயம். நைட்ரேட் 45க்கு மேல் கூடாது, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை முதலில் பாருங்கள். மலத்திலிருந்து வருகிற ஈ.கோலி கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி ஆவியாகிக் குறையக் குறைய அவை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆக எங்கள் போருக்கு வைத்தியம் வேறு, கிணற்றுக்கு வேறு. கணக்குப் போட்டுப் பார்த்ததில் கிணற்றுக்குத்தான் செலவு கம்மி. போரைக் குளியலுக்கும் தென்னைக்கும் விட்டுவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பினோம்.

கிணற்றில் குளோரின் போடுவதைச் சுகாதார வாலன்டியர் வந்து செய்தால் நல்லது. வராவிட்டால் நீங்களே செய்யலாம். கிணற்றின் உள்விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். வந்ததைத் தண்ணியின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுங்கள். அதை ஆயிரத்தால் பெருக்கினால் எத்தனை லிட்டர் தண்ணி என்று வரும். எங்கள் கிணறு 3 மீட்டர் அகலம், அன்றைக்குத் தண்ணி 4 மீட்டர் இருந்தது. 28,260 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 70 கிராம். வெள்ளம் ஏறின பிறகோ, பக்கத்தில் மஞ்சக்காமாலை வந்தாலோ இதை இரட்டிப்பாக்குங்கள். பவுடர் புதுசாக இருக்க வேண்டும். வாய் திறந்தே கிடந்த பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடாது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணி விட்டு முதலில் களி மாதிரி குழையுங்கள். பிறகு முக்கால் பக்கெட் தண்ணி ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் இன்னொரு பக்கெட்டில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணிக்குள் மேலும் கீழுமாக நன்றாக ஆட்டுங்கள். அடியில் தங்கின சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரமாவது சும்மா விட வேண்டும். நாங்கள் சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில்தான் மோட்டார் போடுவோம். இரண்டு நாள் மருந்து வாசம் வரும். எங்கள் அம்மா அந்த இரண்டு நாளும் தண்ணியைக் குறை சொல்லிக்கொண்டேதான் குடிப்பார்.

குளோரின் போட்டாலும் குடிக்கிற தண்ணியைக் காய்ச்சிவிடுங்கள். கொப்பளித்துத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்தால் அது சூடு பண்ணின தண்ணி, காய்ச்சின தண்ணி இல்லை. ஆறுகிறது வரை மூடி வையுங்கள். மொண்டு எடுக்கப் பிடி வைத்த கரண்டியை வையுங்கள், டம்ளரோடு கையும் உள்ளே போகக் கூடாது.

இந்தப் பக்கம் பதிமுகக் கட்டை போட்டு ரோஸ் கலரில் தண்ணி கொடுப்பது வழக்கம். நிறம் இருந்தால் காய்ச்சினது என்று நம்பிவிடுகிறோம். பல கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் ஒரு குண்டா கொதி தண்ணியில் இரண்டு குண்டா பச்சைத் தண்ணியைக் கலந்து, பதமான சூட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் அப்படிக் குடித்துவிட்டு, ஒரு மாசம் கழித்து மஞ்சக்காமாலையில் படுத்தாள். அன்றைக்கு அந்த மண்டபத்துக்குக் கேன் இறக்கினவனும் நான்தான். கேன் தீர்ந்ததும் அவர்கள் கலந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வெளியில் போனால், தொட்டுப் பார்த்துச் சுட்டால்தான் எங்கள் வீட்டில் குடிப்பது. மெஸ்ஸிலும் அதே சட்டம். ஆறவில்லை என்று ஆள்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஃப்ளோரைடு, உப்பு, நைட்ரேட் இருந்து வேறு தண்ணியும் கிடையாது என்றால் ஆர்.ஓ. மெஷின் வேண்டியதுதான். அது வெளியே தள்ளுகிற தண்ணியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். உப்பு 500க்குக் கீழே இருக்கிற தண்ணிக்கு ஆர்.ஓ. கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் சொல்லியிருக்கிறது. ஆனால் மெஷின் விற்க வருகிற பையன் அதைச் சொல்லமாட்டான். அவன் ஒரு வித்தை காட்டுவான். இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் தண்ணி, இன்னொன்றில் அவன் கொண்டுவந்த தண்ணி. கரண்டுக் கம்பி இரண்டை விடுவான். உங்கள் டம்ளர் சாக்கடை மாதிரி ஆகும், அவனுடையது அப்படியே இருக்கும். ஒரு தடவை என் அக்கா வீட்டில் அப்படி ஒருவன் வந்தபோது நான் இருந்தேன். "தம்பி, ஒரு நிமிஷம்" என்று அவனுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, இப்போது விடு என்றேன். அதுவும் அழுக்கானது. வந்த அழுக்கெல்லாம் அவன் இரும்புக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தது. தண்ணியில் உப்பு இருந்தால் கரண்டு பாயும், கம்பி கரையும். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்காதான் பாவம் என்று காபி கொடுத்து அனுப்பினாள்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வருகிறதே, அதுவும் உப்பை மட்டும்தான் காட்டும். கோயமுத்தூரில் மச்சினி வீட்டுச் சிறுவாணித் தண்ணியில் விட்டுப் பார்த்தேன், நூறைக்கூடத் தொடவில்லை. நம் பாலக்காட்டு மலையிலிருந்து போகிற தண்ணி அது, ருசிக்குக் கேட்க வேண்டுமா. ஆனால் அதே தண்ணியில் ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தாலும் மீட்டர் அதே நம்பரைத்தான் காட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கேன்தான் வழி என்றால் வாங்குங்கள். தப்பில்லை. வாங்கும்போது மேல் பிளாஸ்டிக் உறையும் மூடியும் உடையாமல் இருக்க வேண்டும். கம்பெனி விலாசம், தயாரித்த தேதி, பேட்ச் நம்பர், உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) கொடுக்கிற 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதற்கு மேலே ஐ.எஸ். 14543 என்று இருக்கும், கீழே லைசென்ஸ் நம்பர் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். ஒரு விஷயம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் இந்த முத்திரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாசமே பாட்டில் தண்ணியை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு சோதனை வைத்தார்கள். அதனால் முத்திரை இல்லை என்பதாலேயே திருட்டுக் கேன் ஆகிவிடாது. இருக்கிறது என்று பொய்யாக அச்சடித்தவன்தான் திருடன். நான் சரக்கு எடுத்த ஒரு ஷெட்டில் ஒரே லேபிள் கட்டு மூன்று வருஷம் ஓடியது. அங்கே கேன் கழுவுவது என்றால் ஓஸ் பைப்பை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவது. தெரிந்த நாளே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். நாலு மாசம் எடுத்தேன், பிறகுதான் விட்டேன்.

லேபிளைவிட உங்கள் மூக்கை நம்புங்கள். காலிக் கேன்களை எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். அதில் மண்ணெண்ணெய் பிடித்து வைத்திருப்பார்கள், தோட்டத்துக்கு மருந்து கலந்திருப்பார்கள். சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளிலிருந்து வருகிற காலிக் கேன்களில் காலைக் கள்ளின் புளிப்பு வாசம் ஆளைத் தூக்கும். கழுவினாலும் பிளாஸ்டிக் விடாது. மூடியைத் திறந்ததும் மோந்து பாருங்கள். உள்பக்கம் கீறல் விழுந்து மங்கலாக இருந்தாலோ, பச்சையாகப் பாசி தெரிந்தாலோ வண்டிக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள். மூஞ்சியைச் சுளிப்பான், ஆனால் மாற்றித் தருவான். கேனை வெயிலில் வைக்காதீர்கள். அடியில் வைக்கிற குழாய் டப்பாவை வாரம் ஒரு முறை கழற்றிச் சுடுதண்ணியில் கழுவுங்கள். நான் போன வீடுகளில் கேன் மாறிக்கொண்டே இருக்கும், அந்தக் குழாய் மட்டும் வாங்கின நாளிலிருந்து அப்படியே இருக்கும்.

கேரளத்தில் பைப்புத் தண்ணி கலங்கி வந்தாலோ நாறினாலோ 1916க்குப் போன் போட்டுப் புகார் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேன் விஷயம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆபீஸ். லேபிளை போட்டோ எடுத்து, கேனை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போன் போடுங்கள். பாதி குடித்துவிட்டுக் கூப்பிட்டால் நீங்களே கலந்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கிணற்றை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறோம், எடவப்பாதி என்று இங்கே சொல்கிற தென்மேற்கு மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒன்று, ஐப்பசி மழை நின்ற பிறகு ஒன்று. போன தடவை கோலிஃபார்ம் இல்லை என்று வந்தது. சேட்டனும் வேலி ஓரத்துக் குழியை மூடி வீட்டுக்குப் பின்பக்கம் மாற்றிவிட்டார், செலவில் பாதி நான் கொடுத்தேன். அடுத்த தடவைக்கான பாட்டில் உறை பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. மழை நின்ற முதல் திங்கட்கிழமை மெஸ்ஸுக்கு அரை நாள் லீவு.